கண்ணாடிக்குள் வைத்த இலக்கம்

என் காரின் முன்கண்ணாடிக்குள் நான் வைத்திருந்த அட்டையில் ஒரு பொய் எழுதியிருந்தது. "சார்ஜ் முடிந்தால் அழைக்கவும்" என்று கொட்டை எழுத்தில் ஒரு வரி, அதற்குக் கீழே ஒரு தொலைபேசி இலக்கம். பத்து எண்களில் ஒன்பது உண்மை. கடைசி எண்ணை நான் வேண்டுமென்றே மாற்றி எழுதியிருந்தேன்.

அப்படி அட்டை வைக்கும்படி எந்தச் சட்டமும் இல்லை. மட்டக்களப்பில் மின்சாரக் கார் வைத்திருக்கிற எங்கள் சின்னக் கூட்டம் தானாகவே ஏற்படுத்திக்கொண்ட ஒழுங்கு அது. காரைப் பொது சார்ஜரில் கொழுவிவிட்டு அலுவலுக்குப் போகிறவர் தன் இலக்கத்தை வைத்துவிட்டுப் போக வேண்டும். எண்பது வீதம் ஏறியதும் வந்து கழற்றி இடம்விட வேண்டும். எங்களுடைய பழைய பெற்றரிகள் முதல் எண்பதுக்கு எடுத்த நேரத்தை மிச்ச இருபதுக்கும் எடுத்துவிடும், பின்னால் நிற்கிறவர் காய்ந்துபோவார். எல்லாவற்றுக்கும் மேலாக, அடுத்தவர் காரில் கொழுவியிருப்பதில் யாரும் கை வைக்கக் கூடாது. இதற்கென்று வட்ஸ்அப் குழு ஒன்றும் இருந்தது. யார் எத்தனை வீதத்தில் நிற்கிறார், அடுத்தது யார் என்று அதில் போடுவார்கள்.

ஆரம்பத்தில் நானும் உண்மையான இலக்கத்தைத்தான் எழுதினேன். ஒரு கிழமை போகவில்லை, முகம் தெரியாத ஒருவன் விடியற்காலையில் ரோசாப்பூப் படம் அனுப்பத் தொடங்கினான். கூடவே "இனிய காலை வணக்கம்" வேறு. ஓய்வூதியத்துக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கிற டீச்சருக்கு ரோசாப்பூ! எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கே புது அட்டை எழுதினேன், குழுவிலும் மகள் பாவித்து விட்ட ஒரு பழைய இலக்கத்துக்கு மாறிக்கொண்டேன். பார்க்கிறவனுக்கு இலக்கம் இருக்கும், எடுத்தால் ஆள் கிடைக்கமாட்டாள். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

நான் பிறவிச் சந்தேகக்காரி என்று என் மகள் சொல்லுவாள். பொய். என்னை இப்படி ஆக்கியது பெற்றோல் வரிசை. எரிபொருள் இல்லாமல் நாடே நின்றுபோன அந்த மாதங்களில், ஸ்கூட்டியோடு இரண்டு நாள் காத்து நின்று, எனக்கு முன்னால் நாலே நாலு பேர் மிச்சமிருந்தபோது ஒருவன் ஓடி வந்தான். மனைவிக்குப் பிள்ளை வலியாம், ஓட்டோவில் துளி பெற்றோல் இல்லையாம். கண்ணில் தண்ணீர் வேறு. நான் என் இடத்தைக் கொடுத்தேன். அன்றைக்கு எனக்குப் பெற்றோல் கிடைக்கவில்லை. அடுத்த நாள் பார்த்தால் அதே ஆள் சந்தைப் பக்கம் போத்தல் போத்தலாகப் பெற்றோல் விற்கிறான்.

"மனுசிக்கு என்ன பிள்ள?" என்று கேட்டேன்.

"எந்த மனுசி?" என்று சிரித்தான், படுபாவி.

அதற்குப் பிறகு யார் என்ன அவசரம் என்று சொன்னாலும் எனக்கு அந்தச் சிரிப்புத்தான் கேட்கும். வரிசையில் நிற்கிற சனத்தில் பாதிக்கு வீட்டில் நோயாளி, மீதிக்குச் சாவு. எல்லாம் புளுகு என்று தீர்மானித்துவிட்டேன்.

ஸ்கூட்டியை விற்று, கையிலிருந்ததையும் போட்டு, யப்பானில் யாரோ ஓட்டிக் களைத்த ஒரு மின்சாரக் காரை வாங்கினேன். என் ஊரான ஆரையம்பதியிலிருந்து படுவான்கரையில் இருக்கிற என் பள்ளிக்கூடத்துக்குப் போய்வர அது போதும். ஆனால் வீட்டில் சார்ஜ் போட்ட இரண்டாம் கிழமையே சுவரிலிருந்த பிளக் உருகிவிட்டது. வீட்டு வயரிங் முழுவதையும் மாற்றும்வரை காரைக் கொழுவவே வேண்டாம் என்று வயர்மேன் சொல்லிவிட்டான். ஆகவே கிழமைக்கு இரண்டு தரம் கல்லடிப் பாலம் தாண்டிப் பட்டண நடுவிலிருக்கிற புளியந்தீவுக்குப் போக வேண்டியதாயிற்று.

வாவிக்கரையோரம் ஒரு தங்குவிடுதியின் முற்றத்தில் அந்த சார்ஜர் நின்றது. அதில், வயர் நுனியில் பிடியோடு காரில் கொழுவுகிற கன் இரண்டு உண்டு. ஒன்று எந்நாளும் பழுது, சொப்பிங் பை சுற்றிக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். பட்டணத்தில் இன்னோர் இடத்தில் இருந்தது புதுக் கார்களுக்கு உரியது, எங்கள் கார்களுக்குப் பொருந்தாது. ஆக, பழைய கார் வைத்திருக்கிற எல்லாருக்கும் அந்த ஒரே கன்தான்.

அந்த முற்றத்தில்தான் நான் மனிதரைப் படித்தேன். தொண்ணூறு தாண்டியும் ஏசியைப் போட்டுவிட்டு உள்ளே நித்திரை கொள்ளுகிற வங்கிக்காரர். இடம் பிடிக்க ஒற்றைச் செருப்பைத் தரையில் வைத்துவிட்டு மீன் வாங்கப் போகிறவர். "அஞ்சு நிமிசம்" என்று குழுவில் எழுதிவிட்டுக் கடையில் ஆறுதலாகச் சோறு பிசைகிறவர். வீட்டுக் கூரை முழுக்க சோலார் போட்டிருந்தும் இங்கே வந்து நிற்கிற டொக்டர். ஒருத்தரையும் நான் விட்டுவைக்கவில்லை, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்தேன். கன்னைக் கொழுவியதும் திரையில் தெரிகிற வீதத்தைப் படம் எடுப்பேன். திரும்பி வந்ததும் இன்னொரு படம். காரை யாரும் தள்ளி நகர்த்துகிறார்களோ என்று டயரோடு சேர்த்துத் தரையில் சோக்குக்கட்டியால் ஒரு கோடும் போடுவேன். சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே, எனக்கென்ன!

காத்தான்குடிக்காரர் ஒருவரோடு நான் முட்டிக்கொண்டது மாரி தொடங்குகிற நேரம். நாற்பது வயதிருக்கும், துணிக்கடை வைத்திருந்தார், கார் என்னுடையதைப் போலவே ஒரு பழசு. அன்று நான் அலுவல் முடித்து வந்தால் என் கார் அறுபத்திரண்டில் நிற்கிறது, கன் அவருடைய காரில் இருக்கிறது. எனக்கு உச்சிக்கு ஏறிவிட்டது.

"ஆரைக் கேட்டுக் கழட்டின நீங்க?"

"நான் கழட்டல்ல டீச்சர். கரண்ட் போய் வந்த. உங்கட கார் ஏறாம நிண்டுட்டு எண்டு செக்கியூரிட்டிதான் கழட்டி வெச்ச. நான் வரக்குள்ள கன் சும்மா இரிந்த." அவர் நிதானமாகத்தான் சொன்னார். "உங்களிட்டக் கேப்பம் எண்டு அட்டையில இரிக்கிற நம்பருக்குக் கோளும் எடுத்தன். ஆரோ ஒரு பொம்பிள சிங்களத்தில கதைக்கிறா."

அந்த இடத்தில் எனக்கு நாக்குக் கூசியிருக்க வேண்டும். கூசவில்லை. என் பொய் பிடிபட்ட வெட்கம் அப்படியே கோபமாக மாறியது. ஐந்தாறு பேர் பார்த்துக்கொண்டு நிற்க, "கோள் எடுத்தாராம்! இந்தக் கள்ளத்தனம் உங்கட ஆக்கள்ர பழக்கம்தானே," என்று கத்தினேன்.

அவருடைய முஸ்லிம் ஊரும் எங்களுடைய தமிழ் ஊரும் ஒட்டி ஒட்டித்தான் இருக்கின்றன. இடையில் பழைய கசப்பும் இருக்கிறது. அது எனக்குள் இல்லையென்று அதுவரை நினைத்திருந்தேன். வாயைத் திறந்ததும் தானாக வந்து விழுந்தது.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "சரி டீச்சர்," என்றார். "இவ்வளவு பேருக்கு முன்னால சொல்லுறன். உங்கட கார்ல இனி நான் கை வெக்க மாட்டன்."

காவலாளி பிறகு வந்து, கழற்றியது தான்தான் என்று என்னிடம் சொன்னான். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. குழுவில் இரண்டு பேர் அவருக்காகப் பேசினார்கள். அந்தக் கோபத்தில் நான் குழுவையே விட்டு வெளியேறினேன். அட்டையையும் மாற்றவில்லை.

அதற்கு இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் என் ஓய்வூதியக் கோப்பு விடயமாக லீவு போட்டுப் பட்டணத்துக்குப் போயிருந்தேன். பன்னிரண்டு மணிக்குக் காரைக் கொழுவி, படம் எடுத்து, கோடு போட்டுவிட்டு அலுவலகத்துக்கு நடந்தேன். முக்கால் மணித்தியாலத்தில் வேலை முடிந்தது. விடுதி வாசலுக்கு வரும்போதே கண்டேன்: அந்தத் துணிக்கடைக்காரர் என் காருக்குப் பக்கத்தில் நிற்கிறார்.

எனக்கு அப்போது தெரியாததை இப்போதே சொல்லிவிடுகிறேன். பொலன்னறுவைக்கு இந்தப் பக்கம் ஒரு ஊரில், மூத்த மகள் வீட்டில் இருந்த அவருடைய உம்மா அன்று முற்பகல் காலமாகிவிட்டார். நாலு மணிக்கு, அசர் தொழுகை முடிந்ததும் அடக்கம். மனைவி முதலே அங்கே போய்விட்டார். இவர் கடையைப் பூட்டிவிட்டு ஓடி வந்திருக்கிறார். காரில் இருந்த சார்ஜ் பக்கத்திலிருக்கிற ஏறாவூரைத் தாண்டவே காணாது. பன்னிரண்டே முக்காலுக்கு அந்தக் கன் கிடைத்திருந்தால் அவர் உம்மாவின் முகத்தைப் பார்த்திருப்பார்.

நான் கண்டது வேறு. என் காரைச் சுற்றிச் சுற்றி வருகிற ஒரு ஆளைக் கண்டேன். உடனே உள்ளே போகவில்லை. எதிர்ப்பக்கத் தேத்தண்ணிக் கடைக்குள் நுழைந்து, தெருவைப் பார்க்கிற மாதிரி ஒரு கதிரையில் இருந்தேன். இன்றைக்கு ஆளைக் கையும் களவுமாகப் பிடிக்கிறேன் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன்.

"டீச்சர், உங்கட காரடியில ஒராள் நிக்கிறார்," என்றார் கடைக்காரர்.

"தெரியும். அதத்தான் பாத்துக்கொண்டு இரிக்கன்."

துணிக்கடைக்காரர் கண்ணாடிக்குள் குனிந்து அட்டையைப் பார்த்தார். தொலைபேசியைக் காதில் வைத்தார். ஏதோ கையை ஆட்டி விளங்கப்படுத்தினார். எடுத்துப் பார்த்தார். மறுபடியும் குனிந்தார், மறுபடியும் காதில் வைத்தார். என் அட்டையைத்தான் வாசிக்கிறார் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. எடு, நல்லா எடு, என்று நினைத்தேன். என் கண்ணுக்கு அது நடிப்பு. கோள் எடுத்துப் பார்த்தேன், ஆள் இல்லை, அதனால் கழற்றினேன் என்று நாளைக்குச் சொல்லுவதற்கான நடிப்பு. என் தொலைபேசியைத் தூக்கி நாலு படம் எடுத்தேன்.

காவலாளியிடம் ஏதோ கேட்டார். அவன் கையை விரித்தான். வீதிக்கு ஓடி வந்து இரண்டு பக்கமும் பார்த்தார். நான் பத்திரிகையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். ஒரு தடவை அவர் கை நீண்டு கன் பிடி வரைக்கும் வந்தது. நான் பாதி எழும்பிவிட்டேன். சூடுபட்டவர் போலக் கையை இழுத்துக்கொண்டு, காருக்கு முதுகைக் காட்டி நின்றார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்லுகிறேன், அவர் கழற்றவில்லையே என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

இரண்டாவது தேத்தண்ணி குடித்தேன். எண்பது எப்போதோ தாண்டியிருக்கும். எழும்பிப் போயிருக்கலாம். பொறு, எவ்வளவு நேரம் நிற்கிறார் பார்ப்போம் என்று இருந்தேன். மதிய வெயிலில் அவர் நிழலுக்குக்கூட ஒதுங்கவில்லை. ஒன்றே முக்காலுக்கு எனக்கே அலுத்துப்போய் எழுந்து போனேன்.

என்னைக் கண்டதும் ஓடி வந்தார். "டீச்சர், கொஞ்சம் கெதியாக் கழட்டித் தாங்க. உம்மா மௌத்தாகிட்டா. பொலன்னறுவைப் பக்கம். அசருக்கு அடக்கம்."

கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. வரிசையில் அழுதவன் பொய் சொன்னான். இவர் அழவில்லை, ஆகவே இவரும் பொய் என்று முடிவு கட்டினேன். பாருங்கள் என் நியாயத்தை! அழுதாலும் பொய், அழாவிட்டாலும் பொய்.

"எல்லாருக்கும் அவசரம்தான்," என்றேன். "அவசரமெண்டா ஒரு கோள் எடுத்திருக்கலாமே."

அவர் தொலைபேசித் திரையை என் பக்கம் திருப்பினார். ஒரே இலக்கம், மேலிருந்து கீழ் வரைக்கும். விரலால் தள்ளத் தள்ள அது முடியவில்லை. "அந்த மனுசி கடைசில போனையே ஓஃப் பண்ணிட்டா," என்றார்.

நான் பார்க்காதது போல் இருந்தேன். கதவைத் திறப்பதற்கு முன் காரைச் சுற்றி ஒரு நடை நடந்தேன். சார்ஜ் மூடிக்குப் பக்கத்தில் கீறல் இருக்கிறதா, டயர் கோட்டில் நிற்கிறதா, எல்லாம் குனிந்து குனிந்து பார்த்தேன். அவர் ஓர் ஓரமாக நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கீறலும் இல்லை. திரையில் தொண்ணூற்றெட்டு. கன்னைக் கழற்றி, மாட்டுகிற இடத்தில் மாட்டிவிட்டு, இவ்வளவு நேரம் ஒழுங்காக நின்றதற்காக அவருக்கு ஒரு உபகாரம் செய்தவள் போலத் தலையை ஆட்டிவிட்டுப் புறப்பட்டேன்.

சந்தையில் இறங்கி மரக்கறி வாங்கினேன். பிறகு பாலத்தைக் கடந்து, காத்தான்குடிப் பிரதான வீதியில் வரும்போது வாகன நெரிசலில் நிற்க வேண்டி வந்தது. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஜனாஸா அறிவித்தல், மரணச் செய்தி, போய்க்கொண்டிருந்தது. அடிக்கடி அந்த வழியால் போய்வருகிறவளுக்கு அது புதிதில்லை. யார், எந்த வீதி, யாருடைய பிள்ளை, யாருடைய தாய், எப்போது நல்லடக்கம் என்று ஒழுங்காகச் சொல்லுவார்கள். இன்ன வீதியில் துணிக்கடை வைத்திருக்கிறவரின் தாயார், பொலன்னறுவையில் மகள் வீட்டில், அசர் தொழுகையின் பின். அவர் பெயரையும் சொன்னார்கள். குழுவில் இருந்தபோது நூறு தரம் பார்த்த பெயர்.

முன்னால் வழி விட்டும் நான் காரை எடுக்கவில்லை. பின்னாலிருந்த பஸ் ஹோர்ன் அடித்தது. கண் தானாக மீற்றர்ப் பக்கம் போனது. தொண்ணூற்றாறு காட்டியது. அப்போதுதான் அது எனக்கு உறைத்தது. பொலன்னறுவைக்குப் போய்ச் சேர மட்டும் அது தாராளமாகக் காணும். ஒன்றே முக்காலுக்கு அவரை என் காரில் ஏற்றிக்கொண்டு போயிருந்தால் நாலு மணிக்குள் கொண்டுபோய் இறக்கியிருக்கலாம். நிறைந்த காரை வைத்துக்கொண்டு நான் கத்தரிக்காய் பொறுக்கியிருக்கிறேன்!

நடுவீதியிலேயே காரைத் திருப்பினேன். ஏச்சு வாங்கிக்கொண்டு பாலத்தைத் திரும்பக் கடந்தேன். விடுதி முற்றத்தில் வேறு ஒரு கார் நின்றது.

"அவர் ஏறினது போதுமெண்டு அரைவாசியோட போயிட்டார் டீச்சர்," என்றான் காவலாளி. "இடையில எங்கயாவது போட்டுக்கொண்டு போறாராம்."

அவருடைய தொலைபேசி இலக்கம் என்னிடம் இருந்தது. எடுக்கத் தைரியம் வரவில்லை. என் இலக்கத்தை அவர் முதல் தடவையாகப் பார்க்கிற நேரம் அதுவாகவா இருக்க வேண்டும் என்று ஒரு சாட்டுச் சொல்லிக்கொண்டேன்.

அதன் பிறகு அவர் வரக்கூடிய நேரங்களைத் தவிர்த்து, வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரமாகப் பார்த்துப் போய் சார்ஜ் போட்டேன். ஓடி ஒளிகிறவர்களுக்கு வருகிற புத்தி எல்லாம் எனக்கும் வந்தது. ஆறேழு கிழமைக்குப் பிறகு, ஒரு திங்கட்கிழமை, வேறு வழியில்லாமல் போனபோது அவர் நின்றார். தன் காரில் சாய்ந்துகொண்டு வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நேரே போய் முன்னால் நின்றேன்.

"அண்டைக்குப் போய்ச் சேந்தீங்களா?"

"சேந்தன் டீச்சர்." குரலில் கோபம் இல்லை, அது இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "அடக்கம் முடிஞ்சு மையவாடியில இருந்து ஆக்கள் திரும்பி வாறாங்க, நான் போய் இறங்கிறன். நான் வரும்வரைக்கும் கொஞ்சம் வெச்சிரிக்கட்டா எண்டு மச்சான் போன்ல கேட்ட. வழியில ஓட்டமாவடியில சார்ஜுக்கு நிண்டுகொண்டு எப்பிடிச் சொல்லுற? எனக்காக உம்மாவ வெச்சிரிக்க வேணாம் எண்டுட்டன்."

"நீங்க ஒரு வேனாவது பிடிச்சிரிக்கலாமே."

"பிடிச்சிரிக்கலாம். இப்ப வந்திருவீங்க, இப்ப வந்திருவீங்க எண்டே நிண்டுட்டன்."

நான் தேத்தண்ணிக் கடையில் இருந்ததைச் சொன்னேன். அட்டையைப் பற்றிச் சொன்னேன். ரோசாப்பூவைக் கூடச் சொன்னேன். மன்னிப்புக் கேட்கிறேன் என்று அழுதுகொண்டே சொன்னேன், யார் பார்க்கிறார்கள் என்று பார்க்கவில்லை. அவர் இடைமறிக்காமல் கேட்டார்.

"என்ட கார் அண்டைக்கு நிறைஞ்சு நிண்ட," என்றேன். "உங்கள ஏத்திக்கொண்டு நானே போயிரிக்கலாம். சத்தியமா அது எனக்குக் காத்தான்குடிக்கு வந்த பிறகுதான் விளங்கின."

அவர் சாய்ந்திருந்த காரிலிருந்து நிமிர்ந்தார்.

"எனக்கு அந்த இடத்திலயே விளங்கின டீச்சர்," என்றார். "நீங்க கீறல் இரிக்கா எண்டு சுத்திப் பாத்தீங்களே, அப்ப உங்களிட்டக் கேப்பம் எண்டு வாய் வரைக்கும் வந்த. உங்கட முகத்தப் பாத்திட்டுத்தான் கேக்காம விட்டன்."